தண்ணீர் ஊற்றிய பிறகு

மில்லர்புரத்து டீக்கடையில் உட்கார்ந்து, "தூத்துக்குடிக் கடற்கரை எப்படி வேதத்துக்கு வந்தது?" என்று பேச்சைத் தொடங்கினால், பெரும்பாலும் ஒரே வரியில் பதில் வந்துவிடும். "சவேரியார் வந்தாரு, எல்லாரையும் சேத்தாரு." பக்கத்துப் பெஞ்சில் இருப்பவர் வேறு கட்சி என்றால் அவரிடமும் ஒரு வரி இருக்கும். "வெள்ளைக்காரன் ஆசை காட்டினான், இவங்க மாறிட்டாங்க." முதல் வரியைச் சொல்பவர் பெருமையாகச் சொல்கிறார், இரண்டாவது வரியைச் சொல்பவர் குறையாகச் சொல்கிறார். டீ ஆறும் வரை நமக்கு நேரம் இருக்கிறது. இரண்டு வரிகளையும் மெல்லப் பிரித்துப் பார்ப்போம். மதமாற்றம் பற்றி இன்று நாடெங்கும் நடக்கும் வாதங்களில் பாதி, இந்தக் கரையில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை வாழ்ந்து பார்க்கப்பட்டவை.

முதலில் ஆண்டுகளைச் சரிபார்த்துக்கொள்வோம். இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542 அக்டோபரில். முத்துக்குளித்துறை எனப்பட்ட இந்தக் கரையின் கடலோடிகளான பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றது அதற்கு முன்னால், 1536லும் 1537லும். சுமார் 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆக, அவர் வந்து இறங்கியபோது ஊருக்கு ஊர் கிறிஸ்தவப் பெயர் வைத்தவர்கள் இருந்தார்கள். ஜெபம் சொல்லத் தெரிந்தவர்கள்தான் அநேகமாக இல்லை. அவர் வந்து மாற்றினார் என்ற வரி இந்த ஐந்தாறு வருஷ இடைவெளியைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுகிறது.

அந்த இடைவெளிக்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிய, கொஞ்சம் கடலுக்குள் இறங்கவேண்டும். மன்னார் வளைகுடாவில் கரையிலிருந்து சில மைல் தள்ளிக் கடலடியில் பாறைத் திட்டுகள் கிடக்கின்றன. அவற்றுக்குப் பார் என்று பெயர். முத்துச்சிப்பி அதில் ஒட்டிக்கொண்டுதான் வளரும். இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே கடல் அடங்கிக் கிடக்கும் மாசி, பங்குனி வாக்கில் சில வாரங்கள் முத்துக்குளிப்பு நடக்கும். அதைச் சலாபம் என்பார்கள். கயிற்றில் கட்டிய கல்லை மிதித்துக்கொண்டு ஒருவர் கீழே இறங்குவார். மூச்சு தாங்கும் மட்டும் சிப்பியை அள்ளிக் கூடையில் போடுவார். தோணியில் இருப்பவர் கயிற்றைப் பிடித்து மேலே இழுப்பார். இப்படி நாள் முழுக்க. சிப்பி விளையாத வருஷங்களும் உண்டு, அப்போது சலாபமே கிடையாது.

மூழ்கியவர்களில் பெரும்பகுதி பரதவர்கள். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும் மூழ்கினார்கள். முத்தை வாங்கி விற்கும் வணிகத்திலும் கடல் பாதைகளிலும் முஸ்லிம் வணிகர்களின் கை ஓங்கியிருந்தது. சலாபத்தை யார் நடத்துவது, யாருக்கு எத்தனை பங்கு என்பதில் பகை வளர்ந்துகொண்டே போனது. 1520களில் போர்ச்சுகீசியர்கள் தங்கள் காப்பித்தானை, அதாவது படைத்தலைவரை, இங்கே அனுப்பி அவர்களும் பங்கு கேட்கத் தொடங்கினார்கள். உள்நாட்டு அரசர்களுக்குச் சலாபத்தில் வரி வேண்டும். ஆனால் கடலில் ஒரு பரதவனை யாராவது அடித்தால் தடுக்க அவர்களிடம் கப்பல் இல்லை. 1530களின் நடுவில் தூத்துக்குடியில் பரதவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மோதல் வெடித்து, இரு பக்கமும் உயிர் போயிற்று.

அந்த நேரத்தில்தான் ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வணிகர் கதைக்குள் வருகிறார். அவர் போர்ச்சுகீசியர் இல்லை, மலையாளக் கரைக்காரர். கள்ளிக்கோட்டைச் சாமூதிரி அனுப்பி இளம் வயதில் லிஸ்பன் போனவர், அங்கேயே கிறிஸ்தவரானவர். கன்னியாகுமரிப் பக்கம் குதிரை விற்க வந்தவர் பட்டங்கட்டிகளிடம், அதாவது ஊர்த் தலைவர்களிடம், கொச்சிக்குப் போய் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேளுங்கள் என்று யோசனை சொன்னார். பட்டங்கட்டிகள் போனார்கள். கொச்சியிலேயே ஞானஸ்நானம் பெற்றார்கள். பின்னால் சாமியார்கள் கப்பலில் வந்து ஊர் ஊராகத் தண்ணீர் ஊற்றினார்கள். 1538ல் வேதாளைக் கடற்கரையில், முஸ்லிம் வணிகர்களின் பக்கம் நின்ற சாமூதிரியின் கப்பற்படையைப் போர்ச்சுகீசியர் தோற்கடித்தபோது, கடலில் யார் கை மேல் என்பதும் முடிவானது.

இது வெளிப்படையான அரசியல் ஒப்பந்தம். இதை மறைக்க வேண்டிய அவசியம் எந்தக் கிறிஸ்தவருக்கும் இல்லை. மறைத்தால் நம் முன்னோர்களின் புத்திசாலித்தனத்தைத்தான் மறைக்கிறோம். நெருக்கடியில் சிக்கிய ஒரு சமூகம், தன் தலைவர்கள் மூலம், கடலில் வலுவான ஒருவரோடு சேர்ந்துகொண்டது. அதே நேரம் இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். புன்னைக்காயலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், உனக்கு இது சம்மதமா என்று அந்த வருஷம் யாரும் தனியாகக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. பட்டங்கட்டி சம்மதித்தால் ஊர் சம்மதித்த மாதிரி. அந்தக் காலத்தில் கல்யாணம், வழக்கு, கடன் எல்லாமே அப்படித்தான் முடிவாயின.

ஆக, இரண்டாவது பெஞ்சுக்காரர் சொன்னதுதான் சரியா? இங்கேதான் நாம் கொஞ்சம் நிற்கவேண்டும். பெருமையாகச் சொல்பவரும் குறையாகச் சொல்பவரும் சண்டைக்காரர்கள் மாதிரித் தெரிந்தாலும், இருவருக்கும் ஒரே நினைப்பு: மதம் மாறுவது என்பது ஒரு நாளில் நடந்து முடிகிற காரியம். அந்த நாளில் நடந்தது புனிதமானது என்கிறார் ஒருவர், பேரம் என்கிறார் மற்றவர். மறுநாள் காலையில் என்ன ஆயிற்று என்று இருவரும் கேட்பதில்லை.

தூத்துக்குடிக்காரர்களுக்குத் தோணி கட்டுவது தெரியும். புதுத் தோணியைத் தண்ணீரில் இறக்கும் நாளில் மாலை, மேளம், ஊர்க்கூட்டம் எல்லாம் இருக்கும். அன்றைக்குத் தோணி எங்கும் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. அதன் பிறகுதான் பாய், சுக்கான், ஆள், காற்று, கொழும்புக்குப் போய்த் திரும்பும் வழி எல்லாம். தோணி கட்டக் கடன் கொடுத்தது யார், என்ன வட்டிக்குக் கொடுத்தார் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தோணி கடலில் நின்றதா என்பதற்குக் கடன் பத்திரத்தில் பதில் இருக்காது. ஞானஸ்நானம் தோணியை இறக்கிய நாள். அதற்குப் பின்னால் வந்த நூற்றைம்பது ஆண்டுகளைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

சவேரியார் இந்த இடத்தில் வருகிறார். தமிழ் தெரியாது. தமிழும் போர்ச்சுகீசியமும் அறிந்த சிலரை வைத்துக்கொண்டு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, பரலோக மந்திரம் என்று தமிழில் ஆக்கச் செய்து, மனப்பாடம் பண்ணினார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். சாமியார் இல்லாத நாட்களில் ஜெபம் சொல்லி வைப்பதும், பிறப்பு, இறப்பு, கல்யாணத்தைக் கவனித்துக்கொள்வதும் கணக்கப்பிள்ளையின் வேலை. அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? முத்துக்குளித்துறையிலிருந்து போர்ச்சுகல் அரசிக்குக் காலணிச் செலவு என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. அதைக் கணக்கப்பிள்ளைகளுக்குத் திருப்பிவிடும்படி சவேரியார் கேட்டு வாங்கினார். பரதவர் மூச்சடக்கி எடுத்த காசு பரதவப் பிள்ளைகளின் படிப்புக்குத் திரும்பி வந்தது.

அவர் எழுதிய கடிதங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1544ல் முத்துக்குளித்துறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் பலவற்றில், போர்ச்சுகீசிய அதிகாரிகளைப் பற்றிய புகார். ஊர் மக்களைப் பிடித்து அடிமையாக்குகிறவர்கள் மேல் புகார். தன் குதிரை வியாபாரத்துக்காக மக்களைக் கைவிட்ட காப்பித்தான் மேல் புகார். அந்த ஆண்டு தெலுங்கு பேசும் வடுகப் படை கன்னியாகுமரிப் பக்கம் இறங்கி, மக்கள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளில் பட்டினி கிடந்தபோது, மணப்பாட்டிலிருந்து தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று அடித்துத் தோணிகள் திரும்பிவிட்டன, பிறகு கரைவழியே நடந்து போனார். பின்னாளில் அரசர் மூன்றாம் ஜானுக்கே எழுதி, உங்கள் ஆட்களின் நடத்தைதான் இங்கே வேதத்துக்கு முதல் தடை என்ற பொருளில் கண்டித்தார். ஒரு சாமியார் பொதுவாழ்வில் என்ன செய்யலாம் என்று கேட்டால், தன்னைக் கொண்டுவந்து இறக்கிய கப்பல்காரனோடேயே சண்டை போடலாம் என்பது இங்கிருந்து கிடைக்கிற பதில்.

அவரிடம் நிழலும் உண்டு. பழைய தெய்வச் சிலைகளைப் பிள்ளைகள் உடைத்ததை மகிழ்ச்சியோடு எழுதியவர் அவர். 1546ல் இந்தியாவுக்கு விசாரணை மன்றம் வேண்டும் என்று அரசரைக் கேட்டவரும் அவரே. நம்பிக்கையில் பிசகியவர்களைப் பிடித்துத் தண்டிக்கும் அந்த நீதிமன்றம் 1560ல் கோவாவில் வந்து பலரை வதைத்தது. ஒருவர் ஏழைக்காக அதிகாரியோடு மோதினார் என்பதும், அவரே இதைக் கேட்டார் என்பதும் இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியாது.

சவேரியார் இந்தக் கரையில் தொடர்ந்து இருந்தது சுமார் இரண்டு ஆண்டுகள்தான். 1545ல் மலாக்காவுக்குப் போய்விட்டார். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே இருந்து, 1600ல் இறந்து, தூத்துக்குடி மண்ணிலேயே அடக்கமான ஒருவர் உண்டு. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். தமிழர் வாயில் அண்டிரிக் அடிகளார். இந்தக் கதையின் நடு ஆள் இவர்தான், ஆனாலும் டீக்கடைப் பேச்சில் இவர் பெயர் வருவதே இல்லை.

இவர் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தால், விஷயம் ஆழமாகிறது. 1520ல் போர்ச்சுகலில், யூத மரபில் வந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர். 1497ல் அந்நாட்டு அரசர் மனுவேல், யூதர்கள் எல்லாரும் கிறிஸ்தவராக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். சேராமல் தப்பிக்க வழியே விடவில்லை. அப்படி மாற்றப்பட்டவர்களைப் புதுக் கிறிஸ்தவர் என்று முத்திரை குத்தி, தலைமுறை தலைமுறையாகச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஹென்றிக்கஸ் முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். அவருடைய பூர்வீகம் தெரிந்ததும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டு இந்தியாவுக்கு அனுப்பியது. முன்னோர் தலையில் கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றப்பட்ட வீட்டிலிருந்து வந்த மனிதர், அரசியல் ஒப்பந்தத்தில் தண்ணீர் ஊற்றப்பட்ட மக்களிடம் வந்து சேர்கிறார். தண்ணீரோடு காரியம் முடிவதில்லை என்பதை அவர் நூல் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அவர் முதலில் செய்தது தமிழ் படித்தது. படித்தது மட்டும் போதாமல், பின்னால் வருகிற சாமியார்களுக்காக 1549 வாக்கிலேயே தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் தமிழுக்கு எழுதிய முதல் இலக்கணம் அது. ஏன் இவ்வளவு பாடு? பாவசங்கீர்த்தனத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தன் குற்றத்தைச் சாமியாரின் காதில் மட்டும் சொல்லும் சடங்கு அது. நடுவில் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், உட்கார்ந்தால், சொல்ல வந்தவர் வாய் திறப்பாரா? திருவிழாவை மொழி தெரியாமலேயே நடத்திவிடலாம். ஒரு மனிதரின் மனதுக்குள் போக மொழி வேண்டும். ஊராக வந்தவர்களை ஒவ்வொருவராகச் சந்திக்கும் வேலை அங்கேதான் தொடங்கியது. 1536ல் யாரும் தனியாகக் கேட்காத அந்தப் பெண்ணிடம், பல ஆண்டுகள் கழித்து, அவள் மொழியில் ஒருவர் தனியாகப் பேசினார்.

அடுத்தது அச்சு. 1578ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் பதினாறே பக்கம். இந்திய மொழி எழுத்தை உலோகத்தில் வார்த்து இந்திய மண்ணில் அச்சிட்ட முதல் நூல். மறு ஆண்டு கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம். அடுத்த ஆண்டு பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராக உதவும் நூல். 1586ல் புனிதர்களின் வரலாறு சொல்லும், 600 பக்கத்தைத் தாண்டிய பெரிய நூல். அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரைப் பரதவர்கள். தமிழ் அச்சின் தொடக்கத்தைப் பற்றிப் பேசும்போது பாதிரியாரை நினைக்கிறோம், சிப்பி எடுத்தவர்களை மறந்துவிடுகிறோம். பேரத்துக்காகச் சேர்ந்தவர்கள் நாற்பது வருஷம் கழித்துத் தங்கள் காசில் ஜெபப் புத்தகம் அச்சடிக்கிறார்கள் என்றால், உள்ளே ஏதோ நகர்ந்திருக்கிறது. புன்னைக்காயலில் ஹென்றிக்கஸ் தொடங்கிய ஆஸ்பத்திரிக்கும் ஊர்ப் பணம்தான் ஆதாரம்.

இப்போது உண்மையான சோதனைக்கு வருவோம். 1658ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் கத்தோலிக்கரை எதிர்த்த புராட்டஸ்டண்டுகள். கோயில்களை எடுத்துக்கொண்டார்கள், கத்தோலிக்கச் சாமியார்களைத் துரத்தினார்கள், தங்கள் போதகர்களைக் கொண்டுவந்தார்கள். சலாபம் அவர்கள் கைக்குள், கடல் அவர்கள் கைக்குள். 1536ல் பரதவர்களைக் கொச்சிக்கு அனுப்பிய அத்தனை காரணங்களும் இப்போது டச்சுப் பக்கம் நின்றன. பாதுகாப்புக்காக மட்டுமே மதம் மாறிய மக்கள் என்றால், இரண்டாவது முறை மாறுவது முதல்முறையை விடச் சுலபம். வேதம் அதே வேதம், சபைதான் வேறு.

அவர்கள் மாறவில்லை. டச்சு எல்லைக்கு வெளியே உள்நாட்டில் சாமியார்கள் தங்கிய இடங்களுக்கு நடந்துபோய்ப் பூசை கண்டார்கள், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் வாங்கினார்கள். போதகர்களின் பிரசங்கத்துக்குக் கூட்டம் சேரவில்லை. போர்ச்சுகல் இந்தக் கரையிலிருந்து போயே போய்விட்டது. அதைக் கூப்பிட்டுவந்த காரணமும் போய்விட்டது. எஞ்சியது, மணியடித்துச் சொல்லிக்கொடுத்த ஜெபங்களும், மாதா சுரூபமும், கணக்கப்பிள்ளைகளும்தான். கடைசியில் டச்சு நிர்வாகமே இறங்கி வரவேண்டியிருந்தது. கடற்கரைச் சாலையில் இன்று நாம் பார்க்கும் பனிமய மாதா கோயில் எழுந்தது 1713ல், தூத்துக்குடி இன்னும் டச்சுக்காரர் கையில் இருந்தபோது. இந்தத் தேதியை நான் மறுபடி மறுபடி எண்ணிப்பார்ப்பதுண்டு.

மாறாமல் நின்றதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாதியும் மாறாமல் நின்றது. பட்டங்கட்டி, சாதித்தலைவர் எல்லாம் அப்படியே தொடர்ந்தார்கள். கோயில் அவர்கள் பெருமையின் மேடையும் ஆனது. ஊராகச் சேர்ந்ததன் பலம் அது, விலையும் அது. உள்நாட்டில் இன்னும் மோசம். வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். 1910ல் அந்தச் சுவரைச் சாமியார்கள் இடித்தபோது, வழிபாட்டில் எங்கள் தனியிடம் போயிற்று என்று வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. திருச்சபைத் தலைமையும் அவ்வளவு சீக்கிரம் இந்தியர் கைக்கு வரவில்லை. தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, திபூர்சியுஸ் ரோச் அதன் முதல் ஆயரானது 1923ல். லத்தீன் வழிபாட்டு முறையில் நவீன காலத்தின் முதல் இந்திய ஆயர் அவர். ஞானஸ்நானத்துக்கும் அதற்கும் நடுவில் ஏறக்குறைய 390 ஆண்டுகள்.

இந்த வெளிச்சத்தில் நம் காலச் சட்டத்தைப் பார்க்கலாம். அரசியல் சாசனத்தின் 25வது பிரிவு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. பரப்பலாம் என்ற அந்தச் சொல் இருக்கலாமா என்று 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் விவாதம் நடந்தது. டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தான் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்ததாகவும், தன்னை மாற்ற யாரும் முயலவில்லை என்றும் சொன்னார். சொல் நின்றது. அந்தச் சபையில் சென்னை மாகாணத்திலிருந்து ஒரு சாமியாரும் உறுப்பினர்: லயோலா கல்லூரியை நடத்திய இயேசு சபைத் துறவி ஜெரோம் டிசூசா. 1949ல் மதச் சிறுபான்மையினருக்குச் சட்டமன்றத்தில் தனி இட ஒதுக்கீடு வேண்டாம் என்ற முடிவை ஆதரித்துப் பேசியவர் அவர். பொதுவாழ்வில் நம் பங்கைப் பொதுமக்களோடு நின்று பெறுவோம் என்பது அவர் நிலை.

பிறகு 1977. மத்தியப் பிரதேசத்தில் ஸ்டனிஸ்லாஸ் என்ற கத்தோலிக்கச் சாமியார், மதமாற்றச் சட்டப்படி அதிகாரியிடம் பதிவு செய்ய மறுத்துத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உன் மதத்தின் கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு, இன்னொருவரை மாற்றும் உரிமை என்று ஒன்று இல்லை என்பது அதன் சாரம். தமிழ்நாட்டிலும் 2002ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. பலவந்தம், ஆசை காட்டுதல், மோசடி மூன்றுக்கும் தண்டனை, சடங்கை நடத்தியவர் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் தரவேண்டும். 2004ல் அதைக் கொண்டுவந்த அரசே திரும்பப் பெற்றது. இப்படிப்பட்ட சட்டங்களில் என் குறை இதுதான்: அவை தோணியை இறக்கிய நாளை மட்டும் சோதிக்கின்றன. அன்றைக்கு யார் இருந்தார், என்ன கொடுத்தார் என்று கேட்கின்றன. மனிதர் நம்புவதோ, நம்பாமல் போவதோ அந்த நாளில் நடப்பதில்லை.

திருச்சபை இதைக் கற்றுக்கொள்ள நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. 1965 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மத சுதந்திரம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நம்பிக்கை தன் இயல்பிலேயே சுதந்திரமான செயல், யாரையும் கட்டாயப்படுத்தலாகாது என்றது. 1983ல் வந்த திருச்சபைச் சட்டத்தின் 748வது பிரிவு அதையே விதியாக்கியது. 865வது பிரிவு இன்னும் நேரடியானது. வயதுவந்தவர் ஞானஸ்நானம் பெற, அவரே விருப்பத்தைச் சொல்லியிருக்க வேண்டும், போதுமான பயிற்சி பெற்றிருக்க வேண்டும், கிறிஸ்தவ வாழ்க்கையில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால், 1536ல் கப்பலில் வந்த அந்தச் சாமியார்களுக்கு இன்று எந்த ஆயரும் அனுமதி தரமாட்டார்.

பொதுவாழ்வுக்கும் அதே சட்டத்தில் விதி இருக்கிறது. அரசு அதிகாரம் கொண்ட பதவியைச் சாமியார்கள் ஏற்கக்கூடாது என்கிறது 285வது பிரிவு. ஆனால் கடற்கரை ஊரில் இது எழுதியபடி எளிதல்ல. அங்கே ஊருக்குச் சாவடி, மைதானம், மன்றம் எல்லாமே கோயில் முற்றம்தான். 2011ல் இடிந்தகரையில் அணுமின் நிலையத்துக்கு எதிராக மக்கள் உட்கார்ந்தது லூர்து மாதா கோயில் முன்பு. வேறெங்கே உட்காருவார்கள்? உடனே, சாமியார்கள் தூண்டுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. பட்டங்கட்டி சொன்னால்தான் ஊர் நகரும் என்ற பழைய நினைப்பின் மிச்சம் அது. ஐந்நூறு ஆண்டு கழித்தும் மீனவப் பெண்ணுக்குத் தன் கடலைப் பற்றித் தானே ஒரு முடிவெடுக்கத் தெரியும் என்று நம்ப மறுப்பது. சாமியார் அங்கே முற்றத்தின் கதவைத் திறந்து வைக்கலாம், சட்டத்துக்குள் நிற்கும்படி சொல்லலாம், அதிகாரியிடம் எழுதிக் கேட்கலாம். முடிவு ஊருடையது.

கடைசியாக, இன்று ஒருவர் பங்குச் சாமியாரிடம் போய், "சாமி, நான் வேதத்தில் சேரணும்" என்றால் என்ன நடக்கும் என்று பார்த்துவிடுவோம். முதல் கேள்வி, ஏன் என்பது. கல்யாணத்துக்காக என்று அவர் சொன்னால், அதற்காகச் சேரத் தேவையே இல்லை என்பதுதான் முறையான பதில். பலருக்கு இது தெரியாது. கத்தோலிக்கரை மணக்கும் பிற மதத்தவர் தம் மதத்திலேயே இருக்கலாம், ஆயரிடம் விதிவிலக்கு வாங்கினால் கோயிலிலேயே மணம் நடக்கும். வேலைக்காக, உதவிக்காக என்றால் அதை ஞானஸ்நானத்தோடு முடிச்சுப் போடக்கூடாது. மனதார என்றால், ஞானோபதேசம் தொடங்கும். மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டுக்கு மேலும். வழக்கமாக உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின இரவுதான் பெரியவர்களுக்குத் தண்ணீர் ஊற்றும் இரவு. அதற்கு முந்தின வாரத்தில்கூட அவர் மனம் மாறி, வேண்டாம் சாமி என்று சொல்லிவிட்டால், அவரைக் கட்டாயப்படுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. 748வது பிரிவு அதற்கு இடம் வைக்கவில்லை.